புகலிட மறுப்பும் நீதிமன்ற மீளாய்வும்: பிரிட்டனில் ஒரு சட்டவழியின் வரலாறு

புகலிடம் கேட்ட ஒருவரின் விண்ணப்பத்தை பிரிட்டனின் உள்துறை அமைச்சகம் நிராகரித்தால், அம்முடிவை எதிர்க்கச் சட்டத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மேன்முறையீடு, மற்றொன்று நீதிமன்ற மீளாய்வு. மேன்முறையீட்டில் நீதிபதி சாட்சியங்களைத் தாமே எடைபோட்டு, வந்தவர் அகதியா இல்லையா என்று புதிதாகத் தீர்மானிக்கிறார். மீளாய்வில் பொதுவாக அந்தக் கேள்வியே எழாது. அதிகாரி சட்டத்தைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, கவனிக்க வேண்டியவற்றைக் கவனித்தாரா, முறைப்படி விசாரித்தாரா என்பதை மட்டுமே நீதிமன்றம் பார்க்கும். மனுதாரர் வென்றாலும் அகதி அந்தஸ்து கைக்கு வருவதில்லை. பழைய முடிவு இரத்தாகி, விண்ணப்பம் மறுபரிசீலனைக்காக அதே அமைச்சகத்திடம் திரும்பும்.

மீளாய்வின் வேர், அரசு அலுவலர்களின் முடிவை இரத்துச் செய்யவும் கடமையைச் செய்யுமாறு கட்டளையிடவும் ஆங்கிலேய நீதிமன்றங்கள் பிறப்பித்துவந்த நீதிப்பேராணைகளில் இருக்கிறது. அயல்நாட்டினர் விஷயத்தில் அந்த அதிகாரத்துக்கு நெடுங்காலம் பெரிதாக வேலை இருக்கவில்லை. 1905-ஆம் ஆண்டின் அயலார் சட்டம், சமய அல்லது அரசியல் துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தவரை வறுமையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்றது. துறைமுகங்களில் இருந்த குடியேற்ற வாரியங்களிடம் முறையிடவும் வழி வைத்தது. 1914-இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. போருக்குப் பின் வந்த 1919-ஆம் ஆண்டுச் சட்டம் அதே கட்டுப்பாடுகளை நீட்டித்தது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு உள்துறை அமைச்சரின் முடிவே பெரும்பாலும் இறுதி முடிவாக இருந்தது. 1951-ஆம் ஆண்டின் ஜெனீவா அகதிகள் உடன்படிக்கையை பிரிட்டன் 1954-இல் ஏற்றபோதும் மேன்முறையீட்டு உரிமை வந்துவிடவில்லை.

1969-இல் மேன்முறையீட்டு அமைப்பு மீண்டும் உருவாக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அதைத் தொடர்ந்தது. ஆனால் அதில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. விசா இல்லாமல் விமான நிலையத்தில் வந்திறங்கி அனுமதி மறுக்கப்பட்டவர், நாட்டை விட்டு வெளியேறிய பிறகுதான் மேன்முறையீடு செய்யலாம். உயிருக்கு அஞ்சி வந்தவருக்கு இந்த உரிமையால் பயன் குறைவு. பிரிட்டனுக்குள் இருந்தபடியே அவர் தட்டக்கூடிய ஒரே கதவு நீதிமன்ற மீளாய்வு. 1978 முதல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள், பழைய பேராணைகளை ஒரே மனுவில் கேட்க வழிசெய்து அந்தக் கதவை எளிதாக்கின.

கதவு திறந்தாலும் உள்ளே கிடைக்கும் பரிசோதனை மேலோட்டமானதாக இருந்தது. அதன் அளவுகோல் 1947-இல் ஒரு சினிமாக் கொட்டகை வழக்கில் உருவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குட்பட்டோரை அனுமதிக்கக் கூடாதென வெட்னஸ்பரி நகராட்சி விதித்த நிபந்தனை அதில் எதிர்க்கப்பட்டது. அறிவுள்ள எந்த அதிகார அமைப்பும் எடுக்க முடியாத அளவுக்குப் பொருந்தாத முடிவாக இருந்தால்தான் நீதிமன்றம் தலையிடும் என்று தீர்ப்பாயிற்று. கொட்டகை உரிமத்துக்குப் பிறந்த இந்த அளவுகோலே பின்னர் உயிர் பற்றிய வழக்குகளுக்கும் பொருத்தப்பட்டது. 1987 பிப்ரவரியில், அன்று நாட்டின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அதைச் சற்று இறுக்கினர். உகாண்டாவிலிருந்து கென்யா வழியாக வந்த ஒருவரின் வழக்கில், உயிருக்கு ஆபத்து நேரக்கூடிய முடிவுகளை மிகுந்த கவலையோடு துருவிப் பார்க்க வேண்டும் என்று பிரிட்ஜ் பிரபு வலியுறுத்தினார்.

அதே காலத்தில் ஈழத் தமிழர் வழக்குகள் இந்த வழியின் எல்லையைச் சோதித்தன. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வருவோர் பெருகவே, 1985-இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டது. காமன்வெல்த் நாடொன்றின் மீது பிரிட்டன் இப்படிச் செய்தது அதுவே முதல்முறை. 1987 பிப்ரவரியில், திருப்பி அனுப்பப்படவிருந்த தமிழர்கள் ஹீத்ரோ விமான நிலையத்தில் மேலாடைகளைக் களைந்து எதிர்ப்புத் தெரிவித்தனர்; நீதிமன்றத் தடையால் அவர்களின் வெளியேற்றம் நின்றது. உரிய ஆவணமில்லாத பயணி ஒருவருக்கு 1,000 பவுண்டு வீதம் விமான நிறுவனங்கள் கட்ட வேண்டும் என்ற சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது.

1987 இறுதியில் ஆறு தமிழர்களின் மீளாய்வு மனுக்கள் பிரபுக்கள் சபைக்குச் சென்றன. அகதிக்குரிய அச்சத்தை அவரவர் மனநிலையைக் கொண்டு அளப்பதா, நாட்டின் உண்மை நிலவரத்தைக் கொண்டு அளப்பதா என்பதே பிரச்சினை. மேன்முறையீட்டு நீதிமன்றம் மனுதாரர்களுக்குச் சார்பாக நின்றது. பிரபுக்கள் சபை டிசம்பரில் அதை மாற்றி, துன்புறுத்தல் நேரும் நியாயமான சாத்தியம் புறநிலையில் இருக்க வேண்டும் என்றது. கீத் பிரபு வகுத்த இந்த அளவுகோல் பிரிட்டிஷ் அகதிச் சட்டத்தில் நிலைத்துவிட்டது. மனுதாரர்களில் ஐவர் 1988-இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர்.

அந்த ஐவரும் அங்கிருந்தபடியே மேன்முறையீடு செய்தனர். 1989-இல் அதை விசாரித்த நடுவர், அவர்களின் அச்சத்துக்கு அடிப்படை இருந்தது, அவர்கள் அகதிகளே என்று முடிவு செய்தார். அவர்கள் பிரிட்டனுக்குத் திரும்பினர். மீளாய்வில் தோற்ற அதே ஆட்கள் மேன்முறையீட்டில் வென்றது, இரண்டு வழிகளும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்பதற்கு நேரடிச் சான்று. இருந்தும் 1991 அக்டோபரில் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், நீதிமன்ற மீளாய்வு போதுமான பரிகாரமே என்று ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

பாராளுமன்றம் வேறு முடிவுக்கு வந்தது. 1993-ஆம் ஆண்டுச் சட்டம், புகலிடம் மறுக்கப்பட்டோர் நாட்டுக்குள் இருந்தபடியே மேன்முறையீடு செய்யும் உரிமையைத் தந்தது. அதே ஆண்டில் பிரபுக்கள் சபையின் இன்னொரு தீர்ப்பும் வந்தது. 1991-இல் ஸயர் நாட்டு ஆசிரியர் ஒருவரைத் திருப்பிக் கொண்டுவருமாறு நீதிபதி இட்ட உத்தரவை உள்துறை அமைச்சர் கென்னத் பேக்கர் நிறைவேற்றாமல் விட்டது, பதவி முறையில் அவர் செய்த நீதிமன்ற அவமதிப்பு என்று அது கூறியது. மீளாய்வின் உத்தரவு அமைச்சரையும் கட்டும் என்பது அத்துடன் உறுதியாயிற்று.

மேன்முறையீடு வந்ததால் மீளாய்வு மறைந்துவிடவில்லை. மேன்முறையீடு எட்டாத இடங்களுக்கு நகர்ந்தது. மேன்முறையீடுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் முடிவுகளை உயர் நீதிமன்றம் பரிசீலிப்பதையே தடுக்கும் விதியை 2003-இல் அரசு முன்வைத்தது. தலைமை நீதிபதி உல்ஃப் பிரபு உள்ளிட்டோர் வெளிப்படையாக எதிர்த்ததால் கைவிட்டது. மேல் தீர்ப்பாயம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தாலும் அரிதான வழக்குகளில் மீளாய்வு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் சொன்னது. 2022-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கிட்டத்தட்ட முழுதாக நீக்கியது. மறுபுறம், 2023 நவம்பரில், புகலிடம் கேட்டோரை ருவாண்டாவுக்கு அனுப்பும் அரசின் திட்டம் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதுவும் மீளாய்வு மனுக்களின் மீது வந்த தீர்ப்பே.

2013 முதல் இத்தகைய குடியேற்ற மீளாய்வு மனுக்களில் பெரும்பாலானவை மேல் தீர்ப்பாயத்திலேயே விசாரிக்கப்படுகின்றன. புதிய ஆதாரங்களோடு வந்த விண்ணப்பத்தைப் புதிய கோரிக்கையாக ஏற்க மறுப்பது, கோரிக்கை அடிப்படையற்றது எனச் சான்றளித்து மேன்முறையீட்டை அடைப்பது போன்ற முடிவுகளே இன்று இவ்வழியில் எதிர்க்கப்படுகின்றன. மனுவைத் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதங்களுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு முழு விசாரணைக்குச் செல்லுமுன் நீதிபதியின் அனுமதி வேண்டும். வாதிடத்தக்க சட்டப்பிழை தெரியாத மனுக்கள் அந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும்.