மயக்க ஊசிக்கு முன் 'நீங்க ஆரிய வைசியரா?' என டாக்டர் கேட்பது ஏன்?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மயக்க மருந்து டாக்டர் வந்து சுகர் இருக்கா, ஆஸ்துமா இருக்கா, பல் ஏதாவது ஆடுதா என்று கேட்பார். ஆந்திரா, தெலங்கானா, கோவை பக்கம் சில டாக்டர்கள் இன்னொன்றும் கேட்பதுண்டு: "நீங்க ஆரிய வைசியரா?" ஆஸ்பத்திரியில் ஜாதி எதுக்கு என்று கோபப்பட வேண்டாம். காரணம், சக்சினில்கோலின் என்ற மருந்து.

தியேட்டரில் இதை 'ஸ்கோலின்' என்பார்கள். மூச்சுக்குழாயில் டியூப் போட வசதியாக தசைகளைத் தளர்த்தும் ஊசி. ஒரு நிமிடத்துக்குள் வேலை செய்யும், 5 முதல் 10 நிமிடத்தில் விளைவு தீர்ந்துவிடும். ரத்தத்தில் உள்ள பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி மருந்தை மளமளவென உடைத்துவிடுவதுதான் இதற்குக் காரணம்.

அந்த நொதி வேலையே செய்யாவிட்டால்?

சுவாசத் தசைகள் உட்பட எதுவும் மணிக்கணக்கில் அசையாது. இதில் கொடுமை என்னன்னா, ஸ்கோலின் மயக்கம் தரும் மருந்தே இல்லை. மயக்கம் தெளிந்துவிட்டால் நோயாளிக்கு எல்லாம் கேட்கும், விரலைக்கூட அசைக்க முடியாது. வென்டிலேட்டரில் வைத்து, மயக்கத்தையும் தொடர்ந்தால் முழுசா மீண்டுவிடுவார். அந்த வசதி இல்லாத இடத்தில் உயிருக்கே ஆபத்து.

உலக அளவில் இந்த முழுக் குறைபாடு லட்சத்தில் ஒருவருக்கு என்கிற அளவில்தான் இருக்கிறது. ஆரிய வைசியர்களிலோ நூற்றுக்குச் சிலர். கோவையில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வு, நொதியின் 307-வது இடத்தில் லூசினுக்குப் பதில் புரோலின் என்ற அமினோ அமிலம் வந்திருப்பதைக் கண்டறிந்தது. பல தலைமுறைகளாக சமூகத்துக்குள்ளேயே திருமணம் செய்ததால், முன்னோரிடம் இருந்த மாற்றம் உள்ளேயே சுற்றி வருகிறது. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தால்தான் முழுக் குறைபாடு. அன்றாட வாழ்க்கையில் ஒரு அறிகுறியும் தெரியாது.

அதேசமயம், ஜாதிப் பெயர் வெறும் ஒரு துப்புதான். பெரும்பாலான வைசியர்களுக்கு இந்தக் குறை கிடையாது, மற்றவர்களுக்கும் வரலாம். கோலினெஸ்டரேஸ் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஸ்கோலினுக்குப் பதில் ரோகுரோனியம் கொடுக்கலாம்.

"தாத்தாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சும் ரொம்ப நேரம் மூச்சு வரல" என்ற கதை உங்க வீட்டில் இருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு உறுதியானால், கூடப் பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அவர்களுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு.