தெல்தெனியவுக்கு மேலே ஒரு வலை

குண்டசாலை என்றதும் வரலாறு படித்தவர்கள் 1739இல் மறைந்த நரேந்திரசிங்க மன்னனைச் சொல்வார்கள். அவருடைய மாளிகை இங்கேதான் இருந்தது. நாங்கள் சொல்ல வருவது ராத்திரியில் வலை போடுகிறவர்களின் வரலாறு. அதற்கு வயது குறைவு.

குண்டசாலையைத் தாண்டி ஓடும் மகாவலி, கீழே விக்டோரியா நீர்த்தேக்கத்தில் போய்த் தேங்குகிறது. 122 மீற்றர் உயரமான அணை 1985இல் திறக்கப்பட்டது. பழைய தெல்தெனிய நகரம் தண்ணிக்குள் போனது. இப்படித் தேங்கிய நீரில் நன்றாகப் பெருகுவது திலாப்பியா. 1950களின் தொடக்கத்தில் அரசாங்கமே கொண்டுவந்து விட்ட ஆபிரிக்க மீன் அது.

இந்த மீனுக்குச் செவுள் வலைதான். பகலில் வலை நூல் மீனின் கண்ணில் படும், இருட்டில் படாது. அதனால் பொழுதுபடப் போட்டுவிட்டு விடிய எடுப்பார்கள்.

1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்த ஆதரவை நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக்கூடாது என்ற பௌத்த எதிர்ப்பு அதற்கு முக்கிய காரணம். சரி, மீன்களாவது பிழைத்ததா? இல்லை. கண்காணிப்பு இல்லாமல் போக, நாட்டின் குளங்களில் சின்னக் கண் வலைகள் பெருகின. குஞ்சுகளும் அள்ளப்பட்டன, பிடிபாடு சரிந்தது. 1994இல் அரசு திரும்பி வந்தது. அந்த நான்கு வருட இரக்கத்துக்கு விலை கொடுத்தவர்கள் வலைக்காரர்கள்தான். மன்னர் பட்டியலோடு இதையும் சேர்த்துப் படிப்போம்.