கெவின் ஓ'பிரையன்: மூன்றே டெஸ்ட்டுகள்

அயர்லாந்து வீரர் கெவின் ஓ'பிரையனை நம்மவர்கள் 2011-ஆம் ஆண்டின் பெங்களூரு ஆட்டத்துக்காகவே நினைவில் வைத்திருக்கின்றனர். இங்கிலாந்தின் 327 ரன்களைத் துரத்திய அயர்லாந்து, 111 ரன்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்திருந்தது. தலைமுடிக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசியிருந்த அவர், 50 பந்துகளில் சதமடித்து ஆட்டத்தையே புரட்டினார். 2023 வரை உலகக் கோப்பையின் அதிவேகச் சதம் அதுதான்.

நான் அதனினும் உயர்வாக மதிப்பது, 2018-இல் மாலஹைடில் பாகிஸ்தானுக்கு எதிராக அவர் எடுத்த 118 ரன்களை. அயர்லாந்து ஆடிய முதல் டெஸ்ட் அது; ஃபாலோ ஆன் பெற்ற நெருக்கடியில் பிறந்தது அந்நாட்டின் முதல் டெஸ்ட் சதம். தோல்வி உறுதியாகாமல் கடைசி நாள்வரை ஆட்டத்தை இழுத்துச் சென்றதும் அதுவே.

அப்போது அவருக்கு வயது 34. டெஸ்ட் தகுதி 2017-இல்தான் வழங்கப்பட்டது. வழங்கிய பின்னரும் ஆட்டங்களை ஒதுக்கப் பெரிய அணிகளுக்கு மனம் வரவில்லை என்பதே என் கருத்து. 153 ஒருநாள் போட்டிகளில் ஆடிய அவர், 2022-இல் ஓய்வு பெறும்வரை ஆடிய டெஸ்ட்டுகள் மூன்று.