கொழுந்துக் கூடையும் கூலிச் சட்டமும்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் சாலையில் அமைந்த சிற்றூர் கெலிஓயா. அதனைச் சூழ்ந்த கண்டி மலைநாட்டில் தேயிலை தழைத்த நாள்தொட்டுக் கொழுந்தெடுப்பது பெரும்பாலும் பெண்களின் தொழிலாகவே இருந்து வருகிறது. நாட்டுக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்த அக்கரங்களுக்குக் கிடைத்த கூலி யாது?

இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலினால், 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இலங்கையில் நிறைவேறியது. இந்தியத் தொழிலாளர்க்கு அஃது ஓர் அரணே. ஆயினும், அதன்கீழ் 1929இல் விதிக்கப்பட்ட நாட்கூலியை நோக்குவோம். நடுமட்ட மலைநாட்டில் ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், சிறுவர்க்கு 31 சதம். உயர்ந்த மலைகளில் முறையே 54, 43, 32 சதம். ஈரிடத்தும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே 11 சதம் வேற்றுமை. வழக்கமாயிருந்த ஏற்றத்தாழ்வு அன்று சட்டத்தின் முத்திரையைப் பெற்றது.

கவ்வாத்து முதலிய ஆண்களின் வேலை கடினமானது என்பர். உண்மையே. ஆனால் அவ்வேலை பெரும்பாலும் நண்பகலோடு முடியும். கொழுந்தெடுப்பவளோ மழையிலும் வெயிலிலும் மாலைவரை மலையில் நிற்பாள். நேரத்தை அளந்த கோல் எங்கே போயிற்று?

1931இல் பெண்டிர்க்கு ஆடவரோடு ஒப்ப வாக்குரிமை வழங்கிய நாடு இது. எனினும், 1941இல் கூலிச் சபைகள் சட்டம் வந்த பின்னரும் தோட்டத்தில் இவ்வேற்றுமை தொடர்ந்தது.

உலகம் இதற்கிடையே விழித்துக்கொண்டது. சமமதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்னும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழில் தாபனம் 1951இல் ஏற்றது. பிரித்தானியா 1970இலும் இந்தியா 1976இலும் சம ஊதியச் சட்டம் இயற்றின. இலங்கைத் தோட்டங்களிலோ, 1984இல் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் பின்னரே ஆண் பெண் நாட்கூலி சமமாயிற்று. 1929இல் எழுதப்பட்ட வேற்றுமை நீங்க 55 ஆண்டுகள் சென்றன. மேற்கூறிய உடன்படிக்கையை இலங்கை 1993இல் ஏற்றுக்கொண்டது.

ஆயின், கூலி சமமானதும் யாவும் சமமாகிவிட்டனவா? மனைவியின் சம்பளத்தைக் கணவன் சென்று பெறும் வழக்கம் அதன் பின்னரும் பல தோட்டங்களில் நிலவியது. கங்காணிப் பதவியும் நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. சட்டத்தால் எழுதப்பட்ட அநீதியைச் சட்டத்தால் அழிக்கலாம்; லயத்து வாயிலுக்குள் நிலவும் வழக்கத்தை மாற்றவோ கல்வியும் மனமாற்றமும் வேண்டும்.