துருக்கியக் குளியல்

துருக்கியக் குளியல் அல்லது ஹமாம் என்பது, வெப்பமூட்டப்பட்ட கூடத்தில் உடலை வியர்க்கச் செய்து, தேய்த்துக் கழுவும் பொதுக் குளியல் முறையையும், அதற்கான கட்டிடத்தையும் குறிக்கும். உரோமானிய, பைசாந்தியக் குளியல் கூடங்களின் தொழில்நுட்பமும் இசுலாமியத் தூய்மை மரபும் இணைந்து உருவான இம்முறை, ஓட்டோமான் பேரரசுக் காலத்தில் உச்ச நிலையை அடைந்தது. ஹமாம், மக்கள், சிறப்பாகப் பெண்கள், வீட்டுக்கு வெளியே ஒன்றுகூடும் இடமாகவும் விளங்கியது.

கட்டிட அமைப்பு

ஹமாம் பொதுவாக மூன்று பகுதிகளைக் கொண்டது. உடை மாற்றி இளைப்பாறும் குளிர்ந்த கூடம், உடலை வெப்பத்துக்குப் பழக்கும் இளஞ்சூட்டு அறை, குளியல் நடைபெறும் வெப்பக் கூடம் என்பன அவை. குல்ஹன் எனப்படும் உலையில் விறகு எரித்து நீர் சூடாக்கப்படும். உலையின் சூடான புகை, தரைக்கு அடியிலுள்ள வெற்றிடத்தின் ஊடாகச் சென்று பளிங்குத் தரையைச் சூடாக்கியபின், சுவர்களுக்குள் அமைந்த குழாய்கள் வழியே வெளியேறும். குவிமாடத்தில் பதிக்கப்பட்ட சிறு கண்ணாடிகள் ஒளி தருகின்றன.

உரோமானியக் குளியல் கூடங்களைப் போல மூழ்கிக் குளிக்கும் தொட்டிகள் ஹமாமில் பொதுவாக இருப்பதில்லை. ஓடும் நீரே தூய்மையானது என்ற கருத்தே இதற்குக் காரணம். குர்னா எனப்படும் சிறு பளிங்குத் தொட்டியில் விழும் நீரைக் கிண்ணத்தால் மொண்டு ஊற்றிக்கொள்வர்.

குளிக்கும் முறை

குளிப்பவர் பெஷ்தமல் என்னும் பருத்தித் துணியை உடுத்தி, வெப்பக் கூடத்தின் நடுவிலுள்ள பளிங்கு மேடையில் படுத்து வியர்ப்பார். இம்மேடை "தொப்புள் கல்" எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்படுகின்றது. பின்னர் பணியாளர், கெஸெ என்னும் சொரசொரப்பான கையுறையால் அழுக்கைத் தேய்த்து எடுத்து, சவர்க்கார நுரையால் கழுவுவார். ஆண் பணியாளர் தெல்லாக் எனவும், பெண் பணியாளர் நாத்திர் எனவும் அழைக்கப்படுவர். குளித்தபின் குளிர்ந்த கூடத்தில் தேநீர் அருந்தி இளைப்பாறுவது வழக்கம்.

சமூகப் பங்கு

ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதிகளோ, தனித்தனி நாட்களோ ஒதுக்கப்பட்டன. திருமணத்துக்கு முன் மணப்பெண் குளியலும், குழந்தை பிறந்த 40ஆம் நாள் குளியலும் பெண்களின் விழாக்களாக நடைபெற்றன. 1717ல் சோபியா நகரில் ஒரு ஹமாமைக் கண்ட ஆங்கிலத் தூதரின் மனைவி மேரி மொண்டேகு, அங்கே பெண்கள் செய்திகளைப் பரிமாறிக்கொண்டதைத் தனது கடிதத்தில் விவரித்துள்ளார்.

பல ஹமாம்கள் அறக்கட்டளைகளுக்கு வருமானம் தேடித் தந்தன. இசுதான்புல்லில் 1741ல் கட்டப்பட்ட ஜாலோலு ஹமாமின் வருமானம், ஹேகியா சோபியாவில் முதலாம் மகுமூது நிறுவிய நூலகத்துக்கு உரியதாக இருந்தது.

இன்றைய நிலை

20ஆம் நூற்றாண்டில் வீடுகளில் குளியலறைகள் பரவியதால் பல ஹமாம்கள் மூடப்பட்டன. சில கிடங்குகளாகவும் கடைகளாகவும் மாறின. கட்டிடக்கலைஞர் மிமார் சினான் 1556ல் கட்டிய ஹுர்ரம் சுல்தான் ஹமாம், நெடுங்காலம் கம்பளக் கடையாக இருந்து, 2011ல் மீண்டும் குளியல் கூடமாகத் திறக்கப்பட்டது. இவ்வாறு மீட்கப்பட்ட புகழ்பெற்ற ஹமாம்களுக்கு இன்று பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளே வருகின்றனர். அக்கம்பக்கத்தார் தவறாது கூடும் இடம் என்ற பழைய பங்கு பெரிதும் மறைந்துவிட்டது.