வீட்டுக் கிரயமும் மூவகைச் சான்றும்

மனை வாங்குதலும் விற்றலும் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழும் பெருங் காரியங்களாம். உழவு மாடு வாங்குமிடத்துப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரும், வீடு வாங்குமிடத்துப் பத்திரத்தை முற்றும் படியாமலே பொருளைக் கொடுத்துவிடுவதுண்டு. பத்திரம் பதிவாகிவிட்டால் அச்சமில்லை என்னும் எண்ணமே அதற்குக் காரணம். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்துமென்பதை ஈண்டு ஆராய்வாம்.

சோழர் காலத்து நிலவிலை ஆவணங்கள் பல கோயிற் சுவர்களில் இன்றும் காணப்படுகின்றன. விற்றவர், கொண்டவர், நாற்பாலெல்லை, விலை, கையெழுத்திட்டவர் ஆகிய யாவும் அவற்றில் வரையப்பட்டுள்ளன. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், சுந்தரரைத் தம் அடிமையென்று வழக்குரைத்த முதியவரிடம் திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் ஆட்சி, ஆவணம், அயலார் சாட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் மெய்ப்பிக்குமாறு கேட்டனர். சுந்தரர் கிழித்தெறிந்தது படியோலையே. மூலவோலை வந்த பின்னும், அதிலுள்ள எழுத்தைப் பாட்டனாரின் வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கிய பிறகே அவையத்தார் தீர்ப்புரைத்தனர். ஓலையைக் கண்ட மாத்திரத்தில் அவர் நம்பிவிடவில்லை என்பது கருதத்தக்கது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864ஆம் ஆண்டில் பத்திரப் பதிவுச் சட்டம் பிறந்தது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான ஸ்தாவர சொத்தின் கிரயம் பதிவு செய்த பத்திரத்தாலேயே நிறைவேறுமென விதித்தது. இப்போது வழங்குவது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஆயினும் பதிவு என்பது கிரயம் நடந்ததற்குச் சான்றேயன்றி, விற்பவரிடம் இல்லாத உரிமையைப் படைத்துத் தருவதன்று.

ஆகவே, விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்பதே முதல் வினா. குடும்பச் சொத்தை நிர்வகிப்பவர் தக்க அவசியமின்றிப் பராதீனம் செய்யலாகாதென்பதும், கடன் கொடுப்பவர் அவ்வவசியத்தை விசாரித்தறிய வேண்டுமென்பதும் 1856இல் பிரிவி கவுன்சில் அனுமன்பிரசாத் வழக்கில் உரைத்த தீர்ப்பாகும். மைனரின் வீட்டை இயற்கைப் பாதுகாவலர் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டுமென்பது 1956ஆம் ஆண்டுச் சட்டம். அனுமதியின்றி விற்றால், மைனர் வயது வந்தபின் அக்கிரயத்தைத் தள்ளச் செய்யலாம். கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதும் 2005இலும் சட்டமாயிற்று. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் செல்லுபடியாகத் தந்தை அன்று உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020இல் தெளிவாக்கியது. சகோதரியரைக் கலவாது சகோதரர் மட்டும் கையொப்பமிட்ட பத்திரங்களால் உறவும் பொருளும் ஒருங்கே கெடுதல் கண்கூடு.

வில்லங்கச் சான்று பதிவானவற்றையே காட்டும். மூலப்பத்திரத்தை ஒப்புவித்துக் கடன் பெறும் முறையை 1882ஆம் ஆண்டுச் சட்டமே ஒப்புக்கொண்டுள்ளது. ஆதலின் படியை மட்டும் காட்டுபவரிடம், மூலம் யாரிடத்துள்ளதென வினவுதல் கடமை.

ஆட்சியும் புறக்கணிக்கத்தக்கதன்று. வீட்டில் வேறொருவர் குடியிருப்பின், அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் அறிந்தவராகவே சட்டம் கருதும். உரிமையாளர் வாளாவிருக்கப் பிறர் உரிமை கொண்டாடி 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், மீட்கும் வழியே அடைபடலாம்.

எனவே அன்பர்காள், முன்பணம் கொடுக்குமுன் மூலத்தைக் காண்மின், குடியிருப்பவரை வினவுமின், அண்டை அயலாரைக் கேண்மின். விற்பவராயின், பெண்மக்களையும் அழைத்துப் பேசி உடன்பாடு பெறுமின். பழைய அவையம் கேட்ட மூன்று வினாக்களும் இன்றும் நம் வீட்டுக்குக் காவலாம்.