கற்பிட்டிக் கரையில் அயலார்

குறிஞ்சி என்றவுடன் தமிழறிந்தார்க்கு மலையே நினைவுக்கு வரும். ஆயினும் புத்தளம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பிட்டியில் மலை இல்லை; மணலும் தென்னையும் உப்பங்காற்றுமே உண்டு. ஒருபுறம் பெருங்கடலும் மறுபுறம் களப்பும் சூழ்ந்த கற்பிட்டித் தீபகற்பத்துச் சிற்றூர்களுள் அது ஒன்று. இக்கரையின் வரலாறு பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் வரலாறே ஆகும். வந்தவர் எப்போது ஊரவர் ஆகின்றார் என்னும் வினாவுக்கு இக்கரை பல நூற்றாண்டுகளாக விடை தேடி வந்துள்ளது.

முதலில் விருந்தினராக வந்தவர் ஒருவரைக் காண்போம். மொரோக்கோ நாட்டுப் பயணியாகிய இபுனு பத்தூத்தா 1344 ஆம் ஆண்டில் இக்கரையை அடைந்தார். அவர் குறித்த பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் கொள்கை. அங்கிருந்த ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழி அறிந்தவர். வந்தவரை அன்புடன் வரவேற்று முத்துக்களைக் காட்டி, வேண்டியதைக் கேட்குமாறு பணித்தார். பயணியோ பாவாத மலையைத் தரிசிக்க வழி ஒன்றையே வேண்டினார். மன்னர் பல்லக்கும் வழித்துணையும் உணவு சுமப்போரும் தந்து அனுப்பினார். விருந்தினருக்கு இடர் குறைவு. ஏனெனில் அவர் திரும்பிச் செல்பவர்.

அடுத்து வந்தோர் மதில் எழுப்பி வாழ்ந்தோர். போர்த்துக்கேயரிடமிருந்து இக்கரையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், 1667 இல் தொடங்கி 1676 அளவில் கற்பிட்டிக் கோட்டையைக் கட்டி முடித்தனர். கண்டி இராச்சியத்தின் பாக்கு இக்களப்பு வழியே வெளியே சென்றது. கரையின் உப்பு மலைநாட்டுக்குச் சென்றது. அந்த வாயிலை அடைத்தால் மன்னரின் வணிகம் தம் கைக்குள் வரும் என்பது அவர்கள் கணக்கு.

ஒல்லாந்தக் கம்பெனியின் சேனை முழுவதும் ஒல்லாந்தர் அல்லர் என்பது பலர் அறியாத செய்தி. ஜேர்மன் நாட்டுப் பழம்பெரும் நகரங்களின் இளைஞர் பலர் அக்கம்பெனியிற் கூலிக்குச் சேர்ந்தனர். நூரம்பேர்க் நகரத்து யோகான் யாக்கொப் சார் அவருள் ஒருவர். கீழைநாடுகளில் 15 ஆண்டுகள் பணிபுரிந்து, இலங்கைப் போர்களிலும் கலந்துகொண்டு, ஊர் திரும்பித் தம் அனுபவங்களை 1662 இல் நூலாக வெளியிட்டார். ஆனால் திரும்ப இயலாது நோயிலும் போரிலும் மாண்டோர் மிகப் பலர். அவர்கள் கட்டளைக்காக வாழ்ந்தனர்; மதில் அவர்களைக் காத்தது; அதே மதில் அவர்களை ஊரிலிருந்து பிரித்தும் வைத்தது. 1795 இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

மதில் செய்ய இயலாததை மொழி செய்தது. இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய செட்டி மரபில் 1807 ஆம் ஆண்டு கற்பிட்டியிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834 இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் அகரவரிசையில் விளக்கும் பெருநூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் 'தமிழ் புளூட்டாக்' என்னும் நூலாக்கினார். வெளியிலிருந்து வந்த குடும்பத்தின் வழித்தோன்றலே இந்நாட்டை இந்நாட்டவர்க்கு எடுத்துரைத்தார். அவரை அயலார் என்று எவர் கூறுவர்?

இக்கரை சந்தித்த பெருஞ்சோதனை 1990 ஆம் ஆண்டு ஒக்டோபரில் நேர்ந்தது. வடமாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தார்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரமே. ஏறத்தாழ 75,000 பேர் வீடும் நிலமும் இழந்தனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். இவர்கள் விருந்தினரும் அல்லர். கோட்டை கட்ட வந்தோரும் அல்லர். கரையிலுள்ளோர் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டனர். உணவு சமைத்துக் கொடுத்தனர். தென்னந்தோட்டங்களிற் குடிசை போட இடம் தந்தனர்.

சில நாளில் முடியும் என்று இரு சாராரும் எண்ணியது பல ஆண்டுகளாக நீண்டது. பாடசாலை இருக்கைகள் போதவில்லை. தொழிலுக்குப் போட்டி எழுந்தது. அன்பின் நடுவே மனக்கசப்பும் வளர்ந்தது. 'அகதி' என்னும் சொல், இங்கேயே பிறந்த குழந்தைகள் மீதும் ஒட்டிக்கொண்டது. 2009 இல் போர் முடிந்த பின் சிலர் மீண்டும் வடக்கே சென்றனர். சிலர் இங்கேயே நிலைத்தனர். சிலர் இரண்டு ஊருக்கும் இடையே அலைந்தனர். பெற்றோர்க்கு மன்னார் சொந்த ஊர். பிள்ளைகளுக்கோ அது பெற்றோர் சொல்லும் கதை.

கற்பிட்டி மணலுக்கு ஓர் இயல்பு உண்டு. மழைநீர் மணலில் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கின்றது. அளவறிந்து இறைத்தால் அனைவர்க்கும் போதும்; ஆசைப்பட்டு இறைத்தால் கிணறு உவர்ந்துவிடும். பழைய குடிக்கு ஒரு நீர், புதிய குடிக்கு வேறு நீர் என்று அம்மண் பிரித்து வைக்கவில்லை. கோட்டை கட்டியவர் போய்விட்டனர். ஒரே கிணற்றில் நீர் மொண்டவர்களே ஊராக எஞ்சியுள்ளனர்.